தழை வெட்ட வராத மாமன்

என் ஜீப்பில் முன்சீட்டில் உட்காருகிறவர்கள் பலருக்கு ஒரு வியாதி உண்டு. கீழே இருந்து மலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைச் சொல்கிறேன். முதல் வளைவு திரும்பியதும் தலையை வெளியே நீட்டி ஒரு பெருமூச்சு விடுவார்கள். "இங்க வளர்ற பசங்க குடுத்து வச்சவங்கப்பா. நாங்கல்லாம் அந்தக் காலத்துல இப்படித்தான் ஓடியாடித் திரிஞ்சோம். இப்ப இருக்கிற பசங்களுக்கு இன்னா தெரியுது, சொல்லு?" என்று என்னையே கேட்பார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறும். ஸ்டியரிங் கையில் இருப்பதால் கையை ஆட்டிப் பேச முடியாது. ஆனால் வாய் சும்மா இருக்காது. "அந்தக் காலத்துல ஒண்ணும் இல்லீங்க சார், எங்கம்மாவ வேணா கேட்டுப் பாருங்க" என்பேன். அதோடு மலைமேல் இருக்கிற புதூர்நாடு வரும்வரைக்கும் அவர் பேசமாட்டார்.

எங்கள் அம்மாவை நான் உண்மையிலேயே ஒருதரம் கேட்டிருக்கிறேன். "நீ சின்னப் பொண்ணா இருக்கச்சே இன்னா வெளையாடினே?" அம்மா முறத்தில் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தி ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு "கிளி ஓட்னேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் புடைக்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான் அவளுடைய சின்ன வயசு. நடக்கத் தெரிந்ததும் ஒரு தம்பியை இடுப்பில் ஏற்றியிருக்கிறார்கள். அவன் இறங்கினதும் ஒரு தங்கச்சி. கதிர் முற்றினால் பரண்மேல் ஏறி உட்கார்ந்து கத்திக் கத்திக் கிளி ஓட்ட வேண்டும். இதைப் போய் 'குடுத்து வச்சவங்க' என்றால் கோவம் வருமா வராதா?

எங்கள் காலத்தில் பள்ளிக்கூடம் வந்துவிட்டது. பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. அம்மாவைக் கேட்டால் "பலா காய்ப்புல பொறந்தான்" என்பாள். எந்த வருஷத்துப் பலா என்று கேட்டால் முறைப்பாள். அதனால் வாத்தியார் ஒரு வழி வைத்திருந்தார். வலது கையைத் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டு போய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் வயசு ஆகிவிட்டது, ஒன்றாம் வகுப்பு. எனக்குக் காது எட்டவில்லை. கூட வந்திருந்த அக்கா, வாத்தியார் சாக்பீஸ் எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து என் தலையைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினாள் பாருங்கள், விரல் காதில் பட்டுவிட்டது. கழுத்து சுளுக்கிக்கொண்டது வேறு விஷயம். அப்படித்தான் நான் படித்தவன் ஆனேன்.

அக்காவுக்கு மண்டையில் மூளை ஜாஸ்தி. காலிலும் அப்படியே. மலையில் அவளை ஓடிப் பிடிக்க ஆள் கிடையாது. ஆனால் அவள் எட்டாவதோடு நின்றுவிட்டாள். வயசுக்கு வந்தாள், நின்றாள். அந்தக் காலத்தில் இதை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மழை வந்தால் நனைவது மாதிரி அது ஒரு சமாச்சாரம். நானும் கேட்கவில்லை, எனக்கு அப்போது மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

எங்கள் மலையில் ஒரு பெண் குழந்தையின் சின்ன வயசு எப்போது முடிகிறது என்பதைத் தாய்மாமன்தான் சொல்ல வேண்டும். வாயால் அல்ல, கத்தியால். பெண் பெரியவள் ஆனால் மாமனுக்குச் சேதி போகும். மாமன் வந்து பச்சைத் தழை வெட்டி, வீட்டை விட்டுத் தள்ளி ஒரு சின்னக் குச்சு கட்டுவான். அந்தத் தழைக் குடிசைக்குள் அவள் சில நாள் தனியாக இருப்பாள். சடங்கு முடிந்து வெளியே வரும்போது அவள் பெரிய மனுஷி. மாமனே குச்சைப் பிரித்துக் கொளுத்திவிடுவான். அந்தத் தழையை வேறு யாரும் தொடக்கூடாது, அப்பனே ஆனாலும் சரி. மாமனுக்கு அவ்வளவு மரியாதை. எனக்கு ஒரே அக்கா, அக்காவுக்கு ஒரே பொண்ணு. ஆக, என் ஆயுசில் நான் கட்டப்போவது ஒரே ஒரு குச்சுதான். அதற்காக எந்தச் சரிவில் புங்கந்தழை கொழுகொழு என்று இருக்கிறது என்று வருஷக்கணக்காகப் பார்த்து வைத்திருந்தேன். சிரிக்காதீர்கள்.

அந்தப் பொண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மருமகள் என்பதால் சொல்லவில்லை, அவள் வயசுப் பிள்ளைகளைப் பார்த்தாலே எனக்கு மனசு நிறைந்துபோகிறது. காலையில் பள்ளிக்கூடத்தில் சூடாகச் சாப்பிட்டுவிட்டு, காலில் ஷூ மாட்டிக்கொண்டு, டீச்சரை நேராகப் பார்த்து "அது ஏன் மிஸ்?" என்று கேட்கிறார்கள். ஏன் என்கிற வார்த்தையே எங்கள் வாயில் வந்ததில்லை. வந்திருந்தால் பிரம்பும் கூடவே வந்திருக்கும். என் மருமகள் ஒருநாள் என்னிடம், "மாமா, உன் ஜீப் ஏன் எறக்கத்துலகூட இப்டிக் கத்துது?" என்று கேட்டாள். பதில் தெரியாமல் மெக்கானிக்கைப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தேன்.

அவள் ஜீப்பில் ஏறமாட்டாள். "நீ போ மாமா, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் புதருக்குள் புகுந்து குறுக்குப் பாதையில் இறங்குவாள். நான் வளைவு வளைவாக உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தால், அவள் கீழே கல்மேல் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருப்பாள். "இன்னா மாமா, வழியில டீ குடிச்சியா?" என்பாள். கொழுப்பு! இதைப் பார்த்துத்தான் பி.டி. டீச்சர் அவளைப் பிடித்தார். பள்ளிக்கூடத்தில் ஜெயித்தாள், அடுத்ததிலும் ஜெயித்தாள். திருப்பத்தூரில் பெரிய போட்டி, மூவாயிரம் மீட்டர். அதில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும், படிப்பும் அங்கேயே. இதைத் தவிர அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. களி கிண்டும்போதும் மூவாயிரம் மீட்டர், மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதும் மூவாயிரம் மீட்டர்.

போட்டிக்கு முந்தின நாள் நான் புளி மூட்டை ஏற்றிக்கொண்டு மலைக்குக் கீழே சந்தவாசல் போயிருந்தேன். மூட்டையை இறக்கிவிட்டு டீக்கடையில் நிற்கும்போது போன் வந்தது, அக்கா வீட்டுக்காரர். குரலில் அவ்வளவு கூச்சம். "மச்சான், கொழந்த பெரிய மனுஷி ஆயிட்டாப்பா. நீ வந்து தழை வெட்டணும். எங்க கீற?"

எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. டீயை அப்படியே வைத்தேன். நேரே துணிக்கடைக்குப் போய்ப் பச்சைப் பட்டுப் பாவாடை தாவணி எடுத்தேன். வளையல், பூ, இனிப்பு, பெரிய தாம்பாளத் தட்டு. கடைக்காரர் கேட்காமலே அவரிடம் "எம் மருமவ வயசுக்கு வந்துட்டா" என்று சொன்னேன். டீக்கடைக்காரரிடம் சொன்னேன். ரோட்டில் சும்மா போனவரிடமும் சொன்னேன். ஜீப்பைக் கிளப்பும்போது மறுபடி போன். இந்தத் தடவை அக்கா. மலையில் எங்கள் பக்கம் பேச வேண்டுமானால் ஊருக்கு வெளியே இருக்கிற பாறைமேல் ஏறி நிற்க வேண்டும். காற்று விர்ரென்று அடிப்பது கேட்டது.

"எங்கடா கீற?"

"இதோ வர்றேங்க்கா, கெளம்பிட்டேன். துணிகூட எடுத்துட்டேன், பச்ச கலரு..."

"வராத."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாக்கா சொல்ற?"

"வராதன்றேன். வண்டி ரிப்பேர்னு சொல்லிட்டேன், நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் மலை ஏறாத. நீ தழை வெட்டினாதான் கணக்கு ஆரம்பம். நீ வந்துட்டா எம் பொண்ணு குச்சுக்குள்ள பூந்துக்கணும். நாளைக்கு ஓட்டப் பந்தயம். நீ வராத வரைக்கும் அவ இஸ்கூல் பொண்ணு."

தழை வெட்டக் கூப்பிட்டால் எல்லா வேலையையும் போட்டுவிட்டு ஓடிவருகிறவன்தான் மாமன். கூப்பிட்டும் வராதவனைப் பற்றி எங்கள் மலையில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். "அக்கா, ஊரு இன்னா சொல்லும்? என்னைக் காறித் துப்பமாட்டானுங்களா?" என்றேன்.

"துப்பட்டும். தொடச்சிக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்குள் மேலே ஒரு நாடகம் நடந்து முடிந்திருந்தது. பின்னால் மருமகள்தான் எனக்கு நடித்துக் காட்டினாள். அவளை மாட்டுக் கொட்டாய் ஓரமாக உட்கார வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடிவிட்டார்கள். "மாமங்காரன் எங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா முக்காடு போட்டுக்கொண்டு, ரொம்ப அடக்கமாக, ஊர்த் தலைவரான ஊர்க் கவுண்டரிடம் போய்க் கேட்டிருக்கிறாள்: "தம்பி வண்டி ரிப்பேராயி நிக்குதாம். வேற யாரனா தழை வெட்டிடலாங்களா?"

கவுண்டருக்கு வந்ததே கோவம்! "இன்னாம்மா பேசற நீ? மாமன் இருக்கச்சே வேற ஒருத்தன் தழைய தொடறதா? அவன் தழை வெட்டினாத்தான் சடங்கு. அது வரைக்கும் அவ கொழந்தைதான்!" என்று ஊரே கேட்கச் சத்தம் போட்டிருக்கிறார்.

"கொழந்தைங்களா?"

"கொழந்தைதான்!"

"கொழந்தைன்னா நாளைக்கு டீச்சர் கூட ஓடப் போவலாம் இல்லீங்களா?"

சொன்ன வார்த்தையைக் கவுண்டர் ஊர் முன்னால் எப்படித் திருப்பி எடுப்பது? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு "மாமனை சீக்கிரம் வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். என் அக்காவைப் பற்றி நான் ஏன் பெருமைப்படுகிறேன் என்று இப்போது தெரிகிறதா? அவள் யாரையும் எதிர்க்கவில்லை. அவர்கள் வாயாலேயே கதவைத் திறக்க வைத்தாள்.

ஆனால் நான் சந்தவாசலில் பட்ட பாடு இருக்கிறதே! அக்கா வீட்டுக்காரர் விடாமல் போன் பண்ணினார். அவர் நல்லவர், ஊருக்குப் பயந்தவர். முதலில் கிளட்ச் போச்சு என்றேன். அடுத்த தடவை மறந்துபோய் ரேடியேட்டர் என்றேன். "கிளட்ச்சுன்னியே?" என்றார். "அதும் போச்சுங்க மாமா" என்றேன். சாயந்திரத்துக்குள் அந்த ஜீப்பில் போகாத பாகமே கிடையாது. உண்மையில் அது அன்றைக்குப் பார்த்துச் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. அவர் யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு பைக்கை அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் போனை அணைத்துவிட்டேன்.

பக்கத்து சீட்டில் பச்சைப் பட்டு. அதைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை. கிளம்பிப் போய்விடலாமா என்று எத்தனை தரம் சாவியில் கை வைத்தேன்! என் கை வெட்ட வேண்டிய தழை, என் மருமகள் காத்துக்கொண்டிருக்கிறாள், நான் என்னவோ களவாணி மாதிரி இங்கே ஒளிந்துகொண்டிருக்கிறேன் என்று அழுகை அழுகையாக வந்தது. டீக்கடைக்காரர் வேறு, "இன்னாப்பா, மருமவ பெரிய மனுஷி ஆயிட்டான்னு குதிச்ச, இன்னும் போவலியா?" என்று கேட்டார். அவரிடமும் கிளட்ச் போச்சு என்றேன். அவர் ஜீப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். டீ மட்டும் கொடுத்தார்.

மறுநாள் விடிந்ததும் மலை ஏறாமல் கீழ் ரோடு பிடித்துத் திருப்பத்தூர் போனேன். மலை ஏறாதே என்றுதான் அக்கா சொன்னாள், திருப்பத்தூர் போகாதே என்று சொல்லவில்லை. ஆனாலும் மாமன் முகத்தைப் பார்த்துவிட்டால் சடங்கு ஆரம்பித்துவிடுமோ என்னவோ என்று எனக்கே ஒரு பயம். அதனால் மைதானத்துக்குள் போகவில்லை. காம்பவுண்டு சுவர் ஓரமாக ஜீப்பை நிறுத்தி, பானட்மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தேன். அக்கா ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் பி.டி. டீச்சர். நடுவில் என் மருமகள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எதுவுமே நடக்காத மாதிரி. டீச்சர் அவளிடம் என்னவோ கேட்டார், அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். முடியாவிட்டால் நின்றுவிடுகிறாயா என்று கேட்டிருப்பார் போல.

விசில் ஊதினார்கள். எடுத்த எடுப்பிலேயே நன்றாகத்தான் ஓடினாள். ஆனால் முதல் திருப்பத்தில் பார்க்கிறேன், எல்லாப் பெண்களும் உள்பக்கக் கோட்டை ஒட்டித் திரும்புகிறார்கள், இவள் மட்டும் விலகி விலகி வெளியே போகிறாள். அடுத்த திருப்பத்திலும் அப்படியே. எனக்கு மட்டும்தான் அது புரிந்தது. எங்கள் குறுக்குப் பாதையில் இப்படி இடது பக்கம் திரும்பும்போது உள்ளே பள்ளம், வெளியே பாறை. பள்ளத்தை விட்டு விலகித்தான் கால் போகும். குழந்தையிலிருந்து ஓடிய கால் அது. சமதரை மைதானத்தில், வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடுகிடு பள்ளம் இருக்கிற மாதிரி பயந்து பயந்து சுற்றுகிறாள்! ஒவ்வொரு சுற்றிலும் மற்றவர்களைவிட அதிக தூரம். "பள்ளம் இல்லடி, உள்ள வா!" என்று என் தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. கத்தினால் என் குரல் தெரிந்துவிடும். வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

கத்தியது அக்கா. அடக்கமாக முக்காடு போட்டு நின்றவள், முக்காடு எங்கோ விழ, கயிற்றைத் தாண்டி உள்ளே போய், "உள்ள வாடி! அது தரைடி! ஒண்ணும் ஆவாது, உள்ள வா!" என்று அலறினாள். விசில்காரர் ஓடிவந்து அவளை வெளியே தள்ளினார். மருமகள் ஒரு நொடி திரும்பிப் பார்த்தாள். அடுத்த திருப்பத்தில் கோட்டை ஒட்டி வந்தாள். அதற்கப்புறம் பார்க்க வேண்டுமே! ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியைத் தாண்டினாள். மற்ற பெண்களுக்கு மூச்சு இரைக்கிறது, இவளுக்கு அப்போதுதான் ஏற்றம் ஆரம்பித்த மாதிரி முட்டி மேலே மேலே வருகிறது. முதலாவதாக வரவில்லை. ரெண்டாவதும் இல்லை. மூன்றாவதாக வந்தாள். அந்த மூன்று போதும். நான் பானட்மேல் குதித்ததில் உண்மையிலேயே பானட் நசுங்கிப்போய்விட்டது.

அன்று சாயந்திரம் மலை ஏறினேன். ஊர் எல்லையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். "வந்தாருய்யா மாமன்!" "தேர் நெலைக்கு வந்துச்சா?" "தழை காஞ்சதுக்கு அப்புறம் வந்திருக்கலாமே!" அக்கா வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஊர்க் கவுண்டர் பார்த்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கிளட்ச் போச்சா?" என்றார். ஆமாங்க என்றேன். "பானட்டும் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் பார்த்து வைத்திருந்த சரிவுக்குப் போய்த் தழை வெட்டினேன். கட்டுக் கட்டாகச் சுமந்து வந்து குச்சு கட்டினேன். மருமகள் உள்ளே போய் உட்கார்ந்ததுமே அதிகாரம் தொடங்கிவிட்டது. "மாமா, இந்தப் பக்கம் கொஞ்சம் தழைய வெலக்கு மாமா, வெளிச்சமே இல்ல, எப்டிப் படிக்கிறது?" தழையை விலக்கி ஜன்னல் மாதிரி வைத்துக் கொடுத்தேன். ஜன்னல் வைத்த குச்சு எங்கள் மலையிலேயே அதுதான் முதல் என்று நினைக்கிறேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஜன்னல் வழியாக அவளுடைய சிநேகிதிகள் அன்றன்றைக்கு நடத்தின பாடத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

குச்சில் இருக்க வேண்டிய நாள் முடிந்தது. தண்ணி ஊற்றினார்கள், பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு என் காலில் விழுந்தாள், நான் அழுதேன், எல்லாம் முறைப்படி நடந்தது. மறுநாள் காலை சீருடையும் ஷூவும் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டாள். நான் தனியாக நின்று காய்ந்துபோன தழையைப் பிரித்துக் குவித்துக்கொண்டிருந்தேன். வழியில் போன ரெண்டு பேர் அப்போதும் விடவில்லை. "தழை வெட்டத்தான் லேட்டு, கொளுத்த சீக்கிரமா வந்துட்டான்" என்று சிரித்துக்கொண்டு போனார்கள்.

அக்கா களியும் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பார்த்தியாக்கா? செத்தாலும் இந்தப் பேரு போவாது எனக்கு. நம்ம மாமன் எவ்ளோ பேரோட வாழ்ந்தாரு! அவரு மருமவனா நானுன்னு கேக்கறானுங்க."

அக்கா குவிந்து கிடந்த தழைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தழை வெட்ட அவரு எப்ப வந்தாருன்னு உனுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது.

"சேதி போன கையோட வந்துட்டாருடா. ஏர்ல பூட்டின மாட்டக்கூட அவுக்கல, அப்டியே உட்டுட்டு ஓடியாந்தாரு. பொழுது சாயறதுக்குள்ள குச்சு கட்டி முடிச்சிட்டாரு. ஊரே மெச்சிச்சு. விடிஞ்சா எனக்கு எட்டாவது முழுப் பரிச்சை. இஸ்கூல் மணி அடிக்கறது குச்சுக்குள்ள கேட்டுச்சு."

நான் பிசைந்த களியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"தங்கமான மனுஷன். சாவற வரைக்கும் எம்மேல உசுரா இருந்தாரு" என்றாள். பிறகு, மருமகள் இறங்கிப்போன குறுக்குப் பாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒரே ஒரு நாள் லேட்டா வந்திருக்கலாம்."